டர்போ காரில் புதிய மேப் சென்சார் மாட்டியபின் கேலிபரேட் செய்வது எப்படி

எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பதுதான் மேப் சென்சார். அந்தப் பிரஷர் சென்சாரில் திருப்பி அட்ஜஸ்ட் பண்ண ஒரு ஸ்க்ரூவும் கிடையாது. தொழிற்சாலையிலேயே திருத்தி, மூடி, ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். நாம் திருத்துவதெல்லாம் ஈசியூ என்ற எஞ்சின் கணினிக்குள் இருக்கும் கணக்கைத்தான். இத்தனை வோல்ட் வந்தால் இத்தனை அழுத்தம் என்று அதற்குத் தெரிய வேண்டும், அவ்வளவே. அந்தக் கணக்கு தப்பாக இருந்தால் சென்சார் எவ்வளவு உசத்தியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. டர்போ இல்லாத எஞ்சினில் மைலேஜ் குறையும், ஐடிலிங் ஆடும், பெரும்பாலும் அதோடு போய்விடும். டர்போ எஞ்சினில் பிஸ்டனே போய்விடலாம்.

இந்த வேலை எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. பழைய சென்சாரின் அதே பார்ட் நம்பரில் புதியது வாங்கி, கம்பெனி ஈசியூவோடே ஓட்டுகிறீர்கள் என்றால் மாற்றி எழுத எதுவும் இல்லை. மாட்டி, பழுதுக் கோடை அழித்துவிட்டு, கீழே வரும் சோதனைகளை மட்டும் செய்து பாருங்கள். சில கார்களில் ஸ்கேனர் வழியாக அடாப்டேஷன் ரீசெட் செய்யச் சொல்லி சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அப்படி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள். முழு வேலையும் யாருக்கு என்றால், பூஸ்ட் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) கூட்டப்போவதால் பெரிய ரேஞ்ச் சென்சாருக்கு மாறியவர்களுக்கு, வேறு தயாரிப்பாளரின் சென்சாரைப் பொருத்தியவர்களுக்கு, அப்புறம் கம்பெனி ஈசியூவை எடுத்துவிட்டு நாமே ப்ரோகிராம் செய்யும் ஈசியூவைப் போட்டவர்களுக்கு.

சென்சார்தான் போனதா?

புதுசு வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்கேனரில் வரும் பழுதுக் கோடு பி0106 என்றால் மேப் சென்சார் சொல்லும் அழுத்தம் மற்ற அளவுகளோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பி0107 சிக்னல் வோல்டேஜ் ரொம்பக் குறைவு, பி0108 ரொம்ப அதிகம். த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டரோடு திறக்கும் காற்று மடல்) முன்னால் இருக்கும் பூஸ்ட் சென்சாருக்கு இதே மூன்றும் பி0236, பி0237, பி0238 என்று வரும். 107, 108 மாதிரியான கோடு வந்தால் சென்சாரைக் குறைசொல்லும் முன் வயரையும் கனெக்டரையும் பாருங்கள், குற்றவாளி அங்கேயும் இருப்பான். பி0299, அதாவது பூஸ்ட் போதவில்லை என்ற கோடு வந்ததும் சென்சார் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது இன்டர்கூலர் ஹோஸும் கிளாம்பும்தான். டீசலாக இருந்தால் சென்சாரைக் கழற்றி அதன் வாயைப் பாருங்கள். புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி அடைத்துக்கொண்டிருப்பது சகஜம். ஊசியை விட்டுக் குத்தி எடுக்காதீர்கள், உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு.

அப்சொல்யூட் என்பதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

மேப் சென்சார் வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது கடல் மட்டத்தில் அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். டேஷ்போர்டில் வைக்கிற பூஸ்ட் கேஜ் அப்படி இல்லை, வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறது. ஆகவே கேஜ் 1 பார் என்றால் சென்சார் ஏறத்தாழ 2 பார், அதாவது 200 கிலோபாஸ்கல் சொல்லும். 3 பார் சென்சார் வாங்கியவர் 3 பார் பூஸ்ட் வரை அளக்கலாம் என்று நினைத்தால் தப்பு. கடல் மட்டத்தில் அதற்கு 2 பார் பூஸ்டோடு எல்லை முடிந்துவிடும், பிஎஸ்ஐயில் 29.

சென்சார் தன் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆபத்து. சிக்னல் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும். பூஸ்ட் மேலே ஏறிக்கொண்டே இருக்க, ஈசியூவுக்கு ஏறுவது தெரியாது, பெட்ரோலைக் கூட்டாது. எனவே ஓட்டப்போகிற உச்ச பூஸ்டைவிட பத்துப் பதினைந்து சதவீதமாவது மேலே இடம் இருக்கும் சென்சாராகப் பாருங்கள். ரொம்பப் பெரிய ரேஞ்ச் எடுத்தால் துல்லியம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிக்கும் பத்து பிட் ஈசியூவில்கூட 4 பார் சென்சாருக்கு ஒரு படி ஏறத்தாழ 0.4 கிலோபாஸ்கல்தான் வருகிறது. என்னைக் கேட்டால் அது கவலைப்படும் அளவே இல்லை, அதைவிட வயரிங்கில் வரும் இரைச்சல் பெரிது.

இன்னொரு வம்பு, தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும் கேஜ் வகை சென்சார்கள். 0 முதல் 30 பிஎஸ்ஐ, 0.5 முதல் 4.5 வோல்ட் என்று போட்டு விற்பவற்றில் பல அந்த வகைதான். அவை வெளிக்காற்றையே பூஜ்யமாகக் கொள்ளும்; ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் இருக்கும் வெற்றிடத்தை அவற்றால் அளக்கவே முடியாது. ஆயில் பிரஷருக்கு ஆகும், மேப்புக்கு ஆகாது.

கையில் வேண்டியவை

நல்ல மல்டிமீட்டர், கனெக்டரின் பின்பக்கமாக நுழைத்து அளக்க மெல்லிய ஊசி முனைகள், கேஜ் வைத்த கை வாக்குவம் பம்ப், கேஜ் வைத்த சின்னக் காற்றுப் பம்ப், இரண்டு மூன்று அளவில் ரப்பர் ஹோஸ், டீ இணைப்பு, கிளாம்ப். ஈசியூவைத் திறக்கும் சாஃப்ட்வேர் உள்ள லேப்டாப், கம்பெனி ஈசியூ என்றால் லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர். எல்லாவற்றையும்விட முக்கியம், வாங்கிய சென்சாரின் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாள். டேட்டாஷீட் கிடைக்காத சென்சாரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கம்ப்ரஸர் ஹோஸை ரெகுலேட்டர் இல்லாமல் நேரே சென்சாரில் வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, ஒரே அடியில் சவ்வு கிழிந்துவிடும்.

முதல் வேலை: வயரிங்

மூன்று பின் சென்சார் என்றால் 5 வோல்ட் சப்ளை, கிரவுண்ட், சிக்னல். நான்கு பின் இருந்தால் கூடவே காற்றின் வெப்பநிலை சென்சாரும் உள்ளே இருக்கிறது. கனெக்டர் பொருந்திவிட்டது என்பதற்காகப் பின் வரிசையும் பொருந்தும் என்று நம்பாதீர்கள், அதே பிளாஸ்டிக் கூட்டில் வரிசை மாறி வரும் சென்சார்கள் உண்டு. டேட்டாஷீட் படத்தையும் காரின் வயரிங் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பின்னாகச் சரிபாருங்கள்.

சென்சாரை மாட்டி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், எஞ்சின் ஸ்டார்ட் வேண்டாம். சப்ளை பின்னுக்கும் சென்சார் கிரவுண்டுக்கும் இடையே அளந்தால் 4.9 முதல் 5.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வந்த எண்ணை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அப்புறம் சென்சார் கிரவுண்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அங்கே ஐம்பது மில்லிவோல்ட்டுக்கு மேல் வந்தால் கிரவுண்டில் கோளாறு. சென்சாரின் கிரவுண்ட் ஈசியூவின் சென்சார் கிரவுண்டுக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று பாடியில் ஒரு போல்ட்டில் கட்டினால், ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போதெல்லாம் பூஸ்ட் ஏறி இறங்குவதாக ஈசியூ நினைத்துக்கொள்ளும்.

இந்த சென்சார்கள் பெரும்பாலும் சப்ளைக்கு ஏற்ப சிக்னல் தருபவை. 5.00 வோல்ட்டில் 1.63 தருவது 4.92 வோல்ட்டில் 1.60 ஒட்டித்தான் தரும். ஈசியூவும் அதே 5 வோல்ட்டை வைத்தே அளப்பதால் அதற்கு இது தெரியாமல் கழிந்துபோகும், ஆனால் உங்கள் மல்டிமீட்டருக்குக் கழியாது. அதனால் டேட்டாஷீட்டோடு ஒப்பிடும்போது, அதில் உள்ள வோல்ட் எண்ணைக் குறித்து வைத்த சப்ளை வோல்டேஜால் பெருக்கி 5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்னக் கணக்கை விட்டுவிட்டு நல்ல சென்சாரைக் கடையில் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

இரண்டு புள்ளிகளை எடுத்து ஈசியூவில் எழுதுவது

டேட்டாஷீட்டில் அழுத்தத்துக்கும் வோல்டேஜுக்கும் நேர்கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும். உதாரணமாக ஒரு 3 பார் சென்சாருக்கு 20 கிலோபாஸ்கலில் 0.40 வோல்ட், 300 கிலோபாஸ்கலில் 4.65 வோல்ட் என்று கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். 280 கிலோபாஸ்கலுக்கு 4.25 வோல்ட், அதாவது ஒரு வோல்ட்டுக்கு 65.88 கிலோபாஸ்கல்.

சில ஈசியூக்கள் இந்த இரண்டு புள்ளிகளையும் அப்படியே கேட்கும், வேலை சுலபம். இன்னும் சில ‘0 வோல்ட்டில் எவ்வளவு, 5 வோல்ட்டில் எவ்வளவு’ என்று கேட்கும். அப்போது கோட்டை இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும். 0.40 வோல்ட்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் 20 கழித்தல் 26.35, ஆக மைனஸ் 6.35. மேலே 4.65லிருந்து 5க்குப் போனால் 323. மைனஸ் அழுத்தம் எப்படி வரும் என்று திகைத்து அங்கே பூஜ்யம் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது நிஜ அழுத்தம் இல்லை, கோடு அச்சை வெட்டுகிற இடம், அவ்வளவுதான். மைனஸோடேயே போடுங்கள். சாஃப்ட்வேரில் மைனஸ் எடுக்கவில்லை என்றால் வேறு வடிவில் எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள், பூஜ்யத்தைப் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

கம்பெனி ஈசியூவில் இதே இரண்டு எண்கள் ஃபர்ம்வேருக்குள் எங்கோ இருக்கும், ட்யூனிங் சாஃப்ட்வேரில் திறந்து எழுதித் திரும்ப ஃப்ளாஷ் செய்ய வேண்டும். அந்த ஈசியூவைத் தெரிந்த ட்யூனரிடம் டேட்டாஷீட்டோடு போங்கள். கூடவே கேட்டுக்கொள்ள வேண்டியது: அழுத்தத்தின் மேல் எல்லையை மட்டும் தனியே வைத்திருக்கும் இடங்கள் இருந்தால் அவற்றையும் மாற்றினாரா என்று.

சாவி ஆன், எஞ்சின் ஆஃப்

எழுதியபின் முதல் சோதனை இதுதான். எஞ்சின் நின்றிருக்கிறது, மேனிஃபோல்டில் இருப்பது வெளிக்காற்று. சென்சார் சொல்லும் எண் உங்கள் இடத்தின் காற்றழுத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும்; ஒன்றிரண்டு கிலோபாஸ்கல் வித்தியாசம் பரவாயில்லை.

இடத்தின் காற்றழுத்தம் எங்கே கிடைக்கும்? இங்கேதான் புதியவர்கள் வழுக்குவது. வானிலை ஆப்பில் 1012 ஹெக்டோபாஸ்கல் என்று போட்டிருக்கும், பத்தால் வகுத்து 101.2 என்று எடுத்துக்கொள்வார்கள். வானிலை அறிக்கையில் வருவது கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம், நீங்கள் நிற்கும் இடத்தில் உள்ளது அல்ல. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் நிஜமான அழுத்தம் 91 கிலோபாஸ்கல் சுமார்தான். 1500 மீட்டரில் 85ஐ ஒட்டி, 2000 மீட்டரில் 80ஐ ஒட்டி. 91 சொல்கிற ஒழுங்கான சென்சாரைப் பொய் சொல்வதாக நினைத்து 101க்கு ஏற்றிவிட்டால் எல்லா இடத்திலும் பத்து கிலோபாஸ்கல் கூடுதலாகப் படிக்கும். உங்கள் போனில் பாரோமீட்டர் இருந்தால் அது இருக்கும் இடத்தின் அழுத்தத்தையே காட்டும், அதை நம்பலாம். ஆனால் ஆப் அதையும் கடல் மட்டத்துக்கு மாற்றிக் காட்டுகிறதா என்று செட்டிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரிலேயே ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு. பல டர்போ கார்களில் த்ராட்டிலுக்கு முன்னால் பூஸ்ட் சென்சார், பின்னால் மேப் சென்சார், ஈசியூ பெட்டிக்குள்ளேயே காற்றழுத்த சென்சார் என்று மூன்று இருக்கும். எஞ்சின் நிற்கும்போது மூன்றும் ஒரே எண்ணைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு ஒத்துப்போய் மூன்றாவது விலகினால் எது தப்பு என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பி0069 என்ற கோடு வருவது மேப்பும் காற்றழுத்தமும் இப்படி ஒத்துப்போகாதபோதுதான்.

இங்கேயே நிறுத்தாதீர்கள்

நான் பார்த்தவரை பாதிப் பேர் இந்தக் கட்டத்தோடு ‘செட்டாகிவிட்டது’ என்று முடித்துக்கொள்கிறார்கள். காற்றழுத்தம் சரியாக வந்துவிட்டதே, இன்னும் என்ன? தராசின் காலித் தட்டுகள் நேராக நிற்பதால் எடைக்கல் சரி என்று ஆகிவிடாது. கோட்டின் ஒரு புள்ளி சரியாக இருக்கலாம், சாய்வு தப்பாக இருக்கலாம்.

எண்களோடு பார்த்தால் விஷயத்தின் தீவிரம் புரியும். ப்ரோகிராம் செய்யும் ஈசியூக்களில் நிறையப் புழங்கும் இரண்டு சென்சார்கள் உண்டு: எம்பிஎக்ஸ்4250, இது 250 கிலோபாஸ்கல் வரை, எம்பிஎக்ஸ்ஹெச்6400, இது 400 வரை. 100 கிலோபாஸ்கலில் முன்னது 1.80 வோல்ட் தரும், பின்னது 1.17 வோல்ட். ஒருவர் 4250ஐ எடுத்துவிட்டு 6400 போடுகிறார், ஈசியூவில் பழைய கணக்கையே விட்டுவிடுகிறார். சாவியை ஆன் செய்தால் 68 கிலோபாஸ்கல் காட்டுகிறது. அடடா குறைகிறதே என்று ஆஃப்செட்டில் (எல்லா அளவோடும் ஒரே எண்ணைக் கூட்டும் இடம்) 32 கூட்டி 100க்குக் கொண்டுவந்துவிடுகிறார். இப்போது எல்லாம் சரி போலத் தோன்றும். ஐடிலிங்கில் நிஜ அழுத்தம் 40 இருக்கும்போது ஈசியூ 64 என்று படிக்கும், பெட்ரோலை அள்ளி ஊற்றும், சைலன்ஸரில் கறுப்புப் புகை வரும். அதைப் பார்த்து ‘ரிச்சாக ஓடுகிறது’ என்று பெட்ரோலை இன்னும் குறைப்பார். அப்புறம் ரோட்டில் பூஸ்ட் ஏறி நிஜத்தில் 200 ஆகும்போது ஈசியூ 161தான் என்று நினைக்கும். அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் ஈசியூவாக இருந்தால் இருபது சதவீதம் குறைவாக ஊற்றும், ஏற்கனவே குறைத்தது போக.

பெட்ரோலோடும் முடிவதில்லை. ஈசியூவே பூஸ்டைக் கட்டுப்படுத்துகிறது என்றால், அதற்குக் கொடுத்த இலக்கு 180 என்று வையுங்கள், தான் படிப்பது 180 ஆகும்வரை வேஸ்ட்கேட்டை (டர்போவைத் தாண்டிப் புகையை வெளியே விடும் வால்வு) திறக்காமல் டர்போவை ஓட்டிக்கொண்டிருக்கும், நிஜத்தில் அது 230ஐத் தாண்டியிருக்கும். இக்னிஷன் டைமிங்கும் 180க்கு உரிய இடத்திலிருந்து எடுக்கப்படும், அதாவது 230க்குத் தாங்காத அளவு முன்னால். பூஸ்ட் கூடுதல், பெட்ரோல் குறைவு, டைமிங் முன்னால். மூன்றும் சேர்ந்தால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது), பிஸ்டனின் ஓரம் உருகுவது, ஹெட் கேஸ்கட் போவது. எல்லாம் ஒரு ஆஃப்செட் எண்ணிலிருந்து.

ஆகவே காற்றழுத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். ஐந்து கிலோபாஸ்கலுக்கு மேல் விலகினால் முதலில் தப்பான சென்சார், தப்பான கணக்கு, கிரவுண்ட் இவற்றில் ஒன்று என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள். ஆஃப்செட் என்பது ஒன்றிரண்டு கிலோபாஸ்கலைத் தட்டிச் சரிசெய்வதற்கு மட்டும்.

பம்ப் வைத்துச் சோதிப்பது

சாய்வு சரியா என்று தெரிய வேண்டுமானால் சென்சாருக்கு நாமே அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சென்சாரை மேனிஃபோல்டிலிருந்து கழற்றுங்கள், கனெக்டர் மாட்டியே இருக்கட்டும். ஹோஸ் முனை உள்ள சென்சார் என்றால் ஹோஸை நேரே செருகலாம். ஓ-ரிங்கோடு மேனிஃபோல்டுக்குள் சொருகும் வகை என்றால், அதன் மூக்குக்கு இறுக்கமான ரப்பர் ஹோஸைத் தேடி, ஓ-ரிங்குக்கு மேலே தள்ளி மெல்லக் கிளாம்ப் போடுங்கள். பிளாஸ்டிக் மூக்கு, முரட்டுத்தனம் காட்டினால் உடையும்.

முதலில் வாக்குவம் பம்ப். 50 கிலோபாஸ்கல் இழுத்து நிறுத்துங்கள் (கேஜ் அங்குல மெர்க்குரியில் இருந்தால் 15 ஒட்டி, ஒரு அங்குலம் 3.39 கிலோபாஸ்கல்). இடத்தின் அழுத்தம் 91 என்றால் ஈசியூ 41 காட்ட வேண்டும், மேலே சொன்ன 3 பார் சென்சாரில் மல்டிமீட்டர் 0.72 வோல்ட் காட்டும். பத்து விநாடி கவனியுங்கள். எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் அது சென்சார் கோளாறு அல்ல, உங்கள் ஹோஸ் இணைப்பில் எங்கோ கசிகிறது. கேஜ் முள்ளும் கூடவே நகர்வதைப் பார்க்கலாம்.

அப்புறம் காற்றுப் பம்ப். கேஜில் 50 வையுங்கள், ஈசியூ 141 சொல்ல வேண்டும். 100 வையுங்கள், 191, மல்டிமீட்டரில் 3.00 வோல்ட். நீங்கள் ஓட்டப்போகும் உச்ச பூஸ்ட் வரை போவது நல்லது, அதற்கு மேல் தேவையில்லை. போகும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என்று இரண்டு தடவையும் எழுதிவையுங்கள்.

இப்போது வித்தியாசங்களை வரிசையாகப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு கூடவோ குறையவோ இருந்தால் ஆஃப்செட், அதுவும் சின்னதாக இருந்தால் திருத்திவிடலாம். அழுத்தம் கூடக் கூட வித்தியாசமும் கூடிக்கொண்டே போனால் சாய்வு தப்பு; டேட்டாஷீட் எண்களை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் வேறு மாடலின் எண்களைப் போட்டிருப்பீர்கள். நடுவில் சரியாக இருந்து உச்சியில் மட்டும் குறைந்தால் சென்சார் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறு என்றால் பம்ப் கேஜின் முள் ஒட்டுகிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள், அது நன்றாக இருந்தால் சென்சாரைத் திருப்பிக் கொடுங்கள். மலிவான பம்ப் கேஜ் சில கிலோபாஸ்கல் பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். டேட்டாஷீட் கோட்டின்படி ஈசியூவும் மல்டிமீட்டரும் ஒரே பேச்சாகப் பேச, கேஜ் மட்டும் விலகினால் நான் கேஜைத்தான் சந்தேகிப்பேன்.

வெப்பநிலை பின் இருந்தால்

இது சுருக்கமான வேலை, ஆனால் மறந்துபோவது. அழுத்தமும் வெப்பநிலையும் சேர்ந்த நான்கு பின் சென்சாரை மாற்றினால் வெப்பநிலைக் கணக்கும் மாறியிருக்கலாம். வெப்பம் ஏற ஏற மின்தடை இறங்கும் வகைதான் உள்ளே இருக்கும். பாஷ் சென்சார்களில் பலவற்றுக்கு 20 டிகிரியில் 2.5 கிலோஓம் சுற்றி. டேட்டாஷீட்டில் உள்ள மூன்று புள்ளிகளை ஈசியூவில் எழுதுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஆன் செய்து பாருங்கள், காற்றின் வெப்பமும் கூலன்ட் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

மாட்டுவது

ஓ-ரிங்கில் ஒரு துளி சுத்தமான எஞ்சின் ஆயில் தடவிச் செருகுங்கள். சிலிகான் பசை வேண்டாம், பிதுங்கி ஓட்டையை அடைக்கும். தனியே ஹோஸ் வழியாக இணைக்கும் சென்சாரை மேனிஃபோல்டைவிட உயரமாக, வாய் கீழே பார்க்கும்படி வையுங்கள், ஆயிலும் ஈரமும் வழிந்து இறங்கிவிடும். அந்த ஹோஸில் ப்ளோ ஆஃப் வால்வு, வேஸ்ட்கேட் என்று வேறு எதையும் கிளை பிரித்துக் கோக்காதீர்கள். சென்சாருக்கென்று த்ராட்டிலுக்குப் பின்னால் தனி நிப்பிள் இருக்கட்டும். பூஸ்டில் ஹோஸ் கழன்றுவிட்டால் சென்சார் வெளிக்காற்றைப் படித்துக்கொண்டிருக்கும், அதன் விளைவு மேலே கணக்குப் போட்டதுதான். ஆகவே இரண்டு முனையிலும் கிளாம்ப் கட்டாயம்.

ஓட்டிப் பார்ப்பது

எஞ்சின் சூடானபின் ஐடிலிங்கைப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 30 முதல் 45 கிலோபாஸ்கல் வரும். கேம்ஷாஃப்ட் மாற்றியிருந்தால் இன்னும் மேலே நிற்கும். டீசலில் ஐடிலிங்கில் ஏறத்தாழ வெளிக்காற்று அளவேதான் இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

ரோட்டில் முதலில் பூஸ்டைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள்: பூஸ்ட் கண்ட்ரோலை அணைத்து வேஸ்ட்கேட் ஸ்ப்ரிங்கை மட்டும் நம்பி. பக்கத்தில் ஒருவர் லேப்டாப்போடு உட்காரட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், அல்லது டைனோ கிடைத்தால் அதுவே மேல். மெக்கானிக்கல் பூஸ்ட் கேஜ் 0.6 பார் காட்டும்போது, இடத்தின் அழுத்தம் 91 என்றால் லாகில் 151 சுற்றி இருக்க வேண்டும். கூடவே காற்று-பெட்ரோல் கலவையைச் சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரின் எண்ணையும் லாகில் எடுங்கள். பூஸ்ட் ஏறும்போது கலவை லீன் (பெட்ரோல் குறைவு) பக்கம் போனால் உடனே காலை எடுத்துவிடுங்கள், ‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்’ வேண்டாம்.

புதிய சென்சாரோடு எண்கள் உண்மைக்கு வந்துவிட்டன என்றால், பழைய தப்பான எண்களை வைத்துத் திருத்திய பெட்ரோல் டேபிள் இப்போது பொருந்தாது. அதையும் கீழிருந்து மேலே, ஒவ்வொரு படியாகப் பூஸ்டைக் கூட்டி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது.

கடைசியாக பூஸ்ட் கட், அதாவது அழுத்தம் எந்த எண்ணைத் தாண்டினால் ஈசியூ எஞ்சினை வெட்ட வேண்டும் என்பது. இலக்கைவிடப் பத்துப் பதினைந்து கிலோபாஸ்கல் மேலே, சென்சாரின் எல்லைக்குக் கீழே வையுங்கள். எல்லைக்கு மேலே வைத்த கட் ஒருநாளும் வேலை செய்யாது, ஏனென்றால் சென்சார் அந்த எண்ணை எப்போதும் சொல்லப்போவதில்லை. 3 பார் காலத்துக் கட்டை 4 பாருக்கு மாறியபின்னும் அப்படியே விட்டால் கூட்டிய பூஸ்டில் எஞ்சின் தடுக்கி நிற்கும். வேலை செய்கிறதா என்று பார்க்கத் தற்காலிகமாகக் கட்டை 120க்கு இறக்கிவிட்டு மெதுவாகப் பூஸ்டுக்குள் போங்கள், வெட்டுகிறதா என்று பாருங்கள், பார்த்தபின் பழைய இடத்துக்கு ஏற்ற மறக்காதீர்கள். அதேபோல் வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் வைத்து ஒரு தடவை கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், ஈசியூ நீங்கள் வைத்த மாற்று எண்ணுக்குப் போக வேண்டும். பிடுங்கியும் லேப்டாப்பில் நம்பும்படியான ஒரு அழுத்தம் ஓடிக்கொண்டே இருந்தால், பழுதை அறியும் வோல்டேஜ் எல்லைகளைப் புதிய சென்சாருக்கு ஏற்ப நீங்கள் இன்னும் எழுதவில்லை.